பல தெரபி முறைகளை கலந்து பண்ற தெரபிஸ்ட்கிட்ட போகலாமா, இல்ல ஒரே முறைல ஆழமா போறவங்கதான் நல்லதா?

தாராளமா போகலாம். ஆனா "இன்னைக்கு ஏன் இதை பண்றோம்"னு நீங்க கேட்டா அவங்ககிட்ட இருந்து தெளிவா ஒரு பதில் வரணும். வந்தா அது இன்டக்ரேடிவ் தெரபி, அதாவது காரணத்தோட பல முறைகளை சேர்த்து பண்றது, வரலைன்னா கைக்கு கிடைச்சதையெல்லாம் போட்டு கிண்டுறாங்கன்னு அர்த்தம். நான் ரெண்டு விதமான ஆளுங்க முன்னாடியும் உட்கார்ந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அப்பா தவறி நாலஞ்சு மாசம் கழிச்சு எனக்கு ராத்திரில திடீர் திடீர்னு முழிப்பு வரும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், நமக்கும் இப்ப ஹார்ட் அட்டாக்தான்னு தோணும், எழுந்து உட்கார்ந்தா கை ரெண்டும் சில்லுன்னு இருக்கும். மொதல்ல நான் போனவர் முழுக்க முழுக்க சிபிடி, அதாவது நம்ம எண்ணத்தையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்தி சரி பண்ற தெரபி, 1960கள்ல ஆரோன் பெக்ங்கிற அமெரிக்க மனநல டாக்டர் கொண்டுவந்த அணுகுமுறைல இருந்து வந்தது. மனசுல ஓடுறதை பேப்பர்ல எழுதணும், அதுக்கு ஆதாரம் என்ன, எதிரா என்ன இருக்குன்னு பார்க்கணும். சும்மா சொல்லக்கூடாது, படபடப்புக்கு அது நல்லாவே கேட்டுச்சு, ரெண்டு மூணு மாசத்துல ராத்திரி முழிப்பு பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. ஆனா "கடைசியா அப்பா போன் பண்ணப்போ நான் எடுக்கல"ங்கிற ஒண்ணு மட்டும் அப்படியே கெடந்துச்சு. அதுக்கு எதிரா எத்தனை ஆதாரம் எழுதினாலும் பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கும், உள்ள இறங்கவே இறங்காது.

ரெண்டாவதா போனது ஒரு மேடம்கிட்ட. உட்கார்ந்ததுமே அவங்க கேட்டது தைராய்டு டெஸ்ட் எடுத்தீங்களான்னுதான். தைராய்டு அதிகமா சுரந்தா அதுவே படபடப்பு, பதட்டம், தூக்கம் கெடுறது எல்லாத்தையும் கொண்டுவரும், அதை பார்க்காம மனசை மட்டும் நோண்டிட்டு இருக்கக்கூடாதுன்னாங்க. எனக்கு நார்மல்தான், இருந்தாலும் அந்த ஒரு கேள்விலயே எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்துருச்சு.

மூணாவது செஷனோ நாலாவதோ, நான் வழக்கம் போல நோட்டை விரிச்சு வெச்சு படிச்சிட்டு இருக்கேன், அவங்க நடுவுல நிறுத்தி "அந்த வரிய இன்னொரு தடவை படிங்க"ன்னாங்க. படிச்சேன். "அப்பான்னு வர்ற இடத்துல மூச்சை பிடிச்சுக்கிறீங்க, கவனிச்சீங்களா?" எனக்கு தெரியவே தெரியாது. நோட்டை மூடி வைக்க சொன்னாங்க. கால் ரெண்டையும் தரையில பதிச்சு, மூச்சை மெதுவா நீளமா வெளிய விட சொன்னாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் போயிருக்கும். அப்புறம் எதிர்ல ஒரு காலி நாற்காலியை இழுத்து போட்டு, அப்பா இங்க இருந்தா அந்த போன் பத்தி என்ன சொல்வீங்கன்னு கேட்டாங்க. இது அந்த நேரத்துல உள்ள என்ன உணர்றோம்னு நேரடியா கவனிக்க வைக்கிற கெஸ்டால்ட் தெரபில, அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ் பிரபலமாக்கின முறைன்னு அப்புறமாதான் தெரிஞ்சுது. அன்னைக்கு நான் "எடுத்திருக்கணும்ப்பா"ன்னு மட்டும்தான் சொன்னேன், அதுக்கு மேல பேச்சு வரல, அவ்ளோ அழுகை.

அடுத்த வாரம் அவங்களே பழைய சிபிடி பேப்பரை எடுத்து அதே எண்ணத்தை எழுத சொன்னாங்க, இந்த தடவை அது உள்ள போச்சு. ஏன் இந்த வரிசைன்னு கேட்டேன். "உடம்பு பயந்து இறுகியிருக்கும்போது வாதம் பண்ணி பிரயோஜனம் இல்ல, மொதல்ல அது அடங்கணும், அப்புறம் துக்கம் வெளிய வரணும், அதுக்கு அப்புறம்தான் யோசனை"ன்னாங்க. எல்லாருக்கும் இதே வரிசைன்னு நான் சொல்லல, எனக்கு அப்படி இருந்துச்சு, அதை பார்த்து அவங்க முடிவு பண்ணாங்க. அதைத்தான் நான் கலக்குறதுன்னு சொல்றேன்.

அப்புறம் இது ஏதோ நேத்து வந்த ஃபேஷன் இல்ல. 1936லயே சால் ரோசன்ஸ்வைக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், வேற வேற தெரபி எல்லாம் பலன் தருதுன்னா எல்லாத்துக்கும் பொதுவா ஏதோ இருக்கணும்னு எழுதிட்டார். அப்படி எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிறதுல ஒண்ணு தெரபிஸ்டுக்கும் வர்றவங்களுக்கும் உள்ள உறவு, 1979ல எட்வர்ட் போர்டின்ங்கிற சைக்காலஜிஸ்ட் அந்த உறவை மூணா பிரிச்சு சொன்னார்: எதுக்காக வந்திருக்கோம்ங்கிறதுல ஒத்துப்போறது, அதுக்கு என்ன பண்ணப் போறோம்ங்கிறதுல ஒத்துப்போறது, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற நம்பிக்கை. இப்ப நிறைய பேர் பேசுற டிபிடி (கட்டுக்கடங்காத உணர்ச்சியை சமாளிக்க கத்துக்கொடுக்குற தெரபி) கூட கலவைதான், மார்ஷா லினஹன்ங்கிற சைக்காலஜிஸ்ட் நடத்தை சிகிச்சையோட ஜென் தியானத்துல இருந்து வந்த ஏத்துக்கிற பழக்கத்தை சேர்த்து உருவாக்கினது.

அதுக்காக ஒரே முறைல போறவங்க மட்டம்னு நினைச்சுடாதீங்க. ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணம் திரும்ப திரும்ப வந்து ஒரே செயலை பண்ண வைக்கிற பிரச்சனைக்கு, பயப்படுற விஷயத்தை கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ள வெச்சு, திரும்ப திரும்ப கழுவுறது செக் பண்றது எதுவும் பண்ண விடாம இருக்க பழக்குற ஈஆர்பி இருக்கே, அதை முழுசா கத்துக்கிட்ட ஒருத்தர் கிடைச்சா அவர்கிட்டயே போங்க. அங்க நடுவுல வேற எதையாவது நுழைச்சா அந்த பயத்துல இருந்து தப்பிக்க ஒரு வழியா ஆயிட வாய்ப்பு இருக்கு.

ஒண்ணு மட்டும் உஷாரா இருங்க. நாங்க முழு மனுஷனையும் பார்க்குறோம், மாத்திரையை நிறுத்திடுங்கன்னு யாராவது சொன்னா அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. மாத்திரை விஷயம் அதை எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட மட்டும்தான் பேசணும். உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வருதுன்னா தெரபிஸ்ட் தேடிட்டு இருக்காதீங்க, உடனே கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு போங்க.

நீங்க முதல் செஷன் போறப்போ "இது எனக்கு சரியா வரலைன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க, அப்போ என்ன மாத்துவீங்க?"ன்னு கேட்டு பாருங்க. எங்க மேடம் இதுக்கு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி பார்ப்போம், அதுக்கு முன்னாடியே ஏதாவது உறுத்தினா நீங்க சொல்லிடணும்னு சொன்னாங்க. நான் ஒரு தடவை சொல்லவும் செஞ்சேன், கண்ணை மூடிட்டு மூச்சு பயிற்சி பண்றது பயமா இருக்குன்னு. அன்னைல இருந்து கண்ணை திறந்து வெச்சேதான் பண்றோம்.