ஒரே நாளில் 1610 கிலோமீட்டர்: ராமநாதபுரத்திலிருந்து முடியுமா?

கேள்வி: எனக்கு ஊர் தேவிபட்டினம். வயது 26. ராமநாதபுரத்தில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடப் பழைய 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1610 கிலோமீட்டர் ஓட்டும் சவாலை முடித்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இதுவரை ஒரே நாளில் அதிகம் ஓட்டியது திருச்சி போய்த் திரும்பியதுதான். சனிக்கிழமை கடை முடிந்ததும் கிளம்பி, நள்ளிரவு 12 மணிக்கு தனுஷ்கோடியைத் தாண்டி இருக்கும் அரிச்சல்முனையில் தொடங்கி, மதுரை, பெங்களூர், சென்னை, திருச்சி என்று சுற்றி, மறுநாள் நள்ளிரவுக்குள் அரிச்சல்முனையிலேயே முடிக்கலாம் என்று திட்டம். எப்படித் தயாராவது?

பதில்: தம்பி, முதலில் அரிச்சல்முனையை விட்டுவிடுங்கள். மாலைக்கு மேல் தனுஷ்கோடிப் பக்கம் வண்டிகளை விடுவதில்லை. அதனால் நள்ளிரவில் அங்கே தொடங்கவும் முடியாது, வந்து முடிக்கவும் முடியாது. படம் எடுக்க நல்ல இடம்தான். ஆனால் காற்று அள்ளிப் போட்ட மணல் அந்தச் சாலையில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். பகலிலேயே முன்சக்கரம் வழுக்கும். அதை வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்டிருக்கும் சுற்று தூரக் கணக்கில் ஏறத்தாழ சரியாகவே வருகிறது. நேரக் கணக்கில்தான் இடிக்கிறது. 1610-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டர். டீ குடிக்க நிற்பதும், பெட்ரோல் போடுவதும், மூத்திரம் போவதும் இதற்குள் அடக்கம். நம் நாட்டில் நான்குவழி நெடுஞ்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-இல் வகுத்த உச்ச வேகம் மணிக்கு 80. மற்ற சாலைகளில் 60. எண்பதைத் தாண்டாமல், நல்ல சாலையில், நன்றாக ஓட்டுகிற ஆளுக்கே ஓடும் நேரச் சராசரி 70, 72-க்கு மேல் நிற்காது. 72 என்றே வைத்துக்கொள்வோம். 1610 கிலோமீட்டருக்கு 22 மணி 22 நிமிடம். மிச்சம் 1 மணி 38 நிமிடம். உங்கள் வண்டிக்கு வழியில் ஐந்து முறை பெட்ரோல் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 12 நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் அதிலேயே காலி. மீதி 38 நிமிடத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் தூக்கமும்!

இந்தச் சவாலுக்கு நெடுந்தூர பைக் ஓட்டிகளுக்கான அமெரிக்கச் சங்கம் அயர்ன் பட் அசோசியேஷன் வைத்த பெயர் சேடில்சோர் 1000. அங்கே பல மாநிலங்களில் நெடுஞ்சாலை வேகமே மணிக்கு 70, 75 மைல். 75 மைல் என்றால் 120 கிலோமீட்டர். சட்டத்தை மீறாமலே 16 மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிட்டு, மீதி நேரத்தில் நிதானமாக நிற்கலாம். இங்கே அதே தூரத்தை அதே நேரத்தில் முடிக்கிறவர்கள் 100, 110 என்று விரட்டித்தான் முடிக்கிறார்கள். 150 சிசி வண்டியில் அதைச் செய்யச் சொல்லி நான் யோசனை சொல்ல மாட்டேன்.

இதைவிடப் பெரிய பிழை உங்கள் சனிக்கிழமைதான். நெடுந்தூர ஓட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, வண்டி கிளம்பியதிலிருந்து. இன்னொன்று, நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்ததிலிருந்து. எல்லோரும் முதல் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 0.03 சதவீதம்தான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்து, பகல் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, நள்ளிரவில் நீங்கள் ஸ்டார்ட் செய்யும்போதே அந்தப் 17 மணி நேரம் முடிந்திருக்கும். முதல் கிலோமீட்டரையே குடித்தவன் கணக்கில்தான் ஓட்டுவீர்கள்.

எனக்கே நடந்தது. பல வருடம் முன்பு கோயம்புத்தூர் போய்விட்டு அன்றே திரும்பினேன். மதுரை தாண்டியதும் 'இன்னும் இரண்டு மணி நேரம்தானே' என்று நிற்காமல் வந்தேன். பரமக்குடியில் ஒரு டீக்கடை வெளிச்சத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது ராமநாதபுரம் நெருங்குகிற இடம். நடுவில் சத்திரக்குடி என்று ஓர் ஊரே இருக்கிறது. அதை எப்போது கடந்தேன், எதிரே என்ன வண்டி வந்தது, ஒன்றும் தெரியாது. கண் திறந்துதான் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மணிக்கு 80-இல் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். நான்கு நொடி தலை சாய்ந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர்.

சரி, என்னதான் செய்யலாம்? முதலில் சேலம் போய்த் திரும்புங்கள். ராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 355 கிலோமீட்டர். போக வர 710. அது உடம்புக்குச் சுகமாகப் பட்டால், ஒரு மாதம் கழித்து ஓசூர். போக வர ஆயிரத்தைத் தாண்டும். சொந்த ஊரிலிருந்து கிளம்பி, ஆயிரம் ஓட்டி, சொந்தப் படுக்கையில் படுப்பதே 150 சிசி வண்டிக்குப் பெரிய சாதனை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போய்வந்தாலும் ஆயிரம் வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் உங்கள் ஊரில் தொடங்கி தொண்டி, மீமிசல், மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று ஊருக்கு ஊர் வேகத்தடை, பஸ் நிறுத்தம், மீன் வண்டி. சராசரி 50-ஐத் தாண்டாது. அது ரசித்துப் போக வேண்டிய சாலை. அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டும் கெடும்.

ஓசூர் ஓட்டத்துக்கு அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். அதற்கு முந்தைய இரவு எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும், அதனால் அன்றைக்குக் கடைக்கு மத்தியானமே லீவு. முதல் இரண்டு மணி நேரம் இருட்டு. ஆனால் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பீர்கள். மதுரை நெருங்கும்போது விரகனூரில் நகருக்குள் நுழையாமல் இடதுபக்கம் சுற்றுச்சாலையில் திரும்பி, கப்பலூர் போய் நான்குவழிச் சாலையில் ஏறுங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் நகர நெரிசலில் மாட்டாத சுற்று. திண்டுக்கல், கரூர், நாமக்கல் எல்லாம் புறவழியிலேயே ஓடிவிடும். சேலத்தில் இட்லி. பகல் பன்னிரண்டரை வாக்கில் ஓசூர்.

ஓசூரில் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பு தானாகவே சோர்கிற நேரம். ஒரு காபி குடித்துவிட்டு உடனே படுங்கள். காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் இரண்டும் சேர்ந்து தூக்கிவிடும். மரத்தடியோ, பெட்ரோல் பங்க் ஓரமோ போதும். ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து, அலாரம் 20 நிமிடத்துக்கு.

திரும்பும் வழியில் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வரும். சேலம் நோக்கி வரும்போது அது நீண்ட இறக்கம்; பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகிறவர்களை இடித்துச் சாய்க்கும் இடம் என்று பெயர் வாங்கியது. அங்கே முன்னால் இருக்கும் லாரியைவிடப் பின்னால் வரும் லாரிதான் முக்கியம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் இறங்குங்கள்.

இரவு ஏழு மணிக்கு மேல் மதுரை. உங்கள் இரண்டாவது கடிகாரம் அப்போது 16 மணி நேரத்தைத் தொட்டிருக்கும். அதனால் கப்பலூரில் வண்டியை நிறுத்தி, இறங்கி, முகம் கழுவி, பிறகு முடிவெடுங்கள். வீட்டுக்கா, மதுரையில் மாமா என்று யாராவது இருந்தால் அவர் வீட்டுக்கா? இதை வண்டியில் உட்கார்ந்தபடி முடிவு செய்தால் பதில் எப்போதும் 'வீட்டுக்கு' என்றுதான் வரும். கடைசி சில கிலோமீட்டர்களில் எந்தப் பலகையைப் பார்த்தோம் என்று நினைவுக்கு வரவில்லை என்றால் மாமா வீடுதான். மாமாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். சொல்லாமல் போகக் கூச்சப்பட்டே பல பேர் மேலே ஓட்டுகிறார்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துச் சாலை அப்படி. நான்குவழியில் நாள் முழுக்க ஓட்டிய கண் எதிர் வண்டியையே மறந்திருக்கும். பரமக்குடிக்கு இப்பால் திடீரென்று எதிர் லைட் முகத்தில் அடிக்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் தார் ஓரம் வரை நெருங்கி நிற்பதால், ஆடோ மயிலோ வெளியே வந்த பிறகுதான் தெரியும். ஓர் ஆடு குறுக்கே போய்விட்டால் சாலை காலி என்று நினைக்காதீர்கள்; பின்னால் இன்னும் பத்து இருக்கும். இரவில் மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடுரோட்டிலேயே படுத்திருக்கும். இதோடு அறுவடைக் காலம் என்றால் நெல்லும் வைக்கோலும். மிளகாய்க் காலத்தில் பாதிச் சாலையில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். பகலில் அந்தச் சிவப்பு தூரத்திலேயே தெரியும். இரவில் மிளகாயை அள்ளிவிட்டுப் போயிருப்பார்கள், சுற்றி வரிசையாக அடுக்கிய கற்கள் மட்டும் அப்படியே கிடக்கும். என் நண்பர் ஒருவரின் முன்சக்கர ரிம் வளைந்தது அப்படி ஒரு கல்லில்தான். சாலையோரத்தில் விளக்குமாற்றால் கூட்டிய தடம் தெரிந்தால் கல்லும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு வருவோம். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர் வண்டிக்கும் நம் கடற்கரை வண்டிக்கும் வித்தியாசம் உப்பு. நான்கு வருடம் தேவிபட்டினத்தில் நின்ற வண்டி வெளியே பளபளப்பாக இருந்தாலும் செயினுக்குள் துரு பிடித்திருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். செயினின் ஒவ்வொரு கண்ணியும் பின்பக்க ஸ்ப்ராக்கெட்டை (பல்சக்கரத்தை) சுற்றி வெளியே வரும்போது நேராக நிமிர வேண்டும். ஏதாவது ஒரு கண்ணி மடங்கியபடியே வந்தால், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அடுத்து, டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், அது நகர்கிற ஊசிகள். உப்பில் இறுகியிருந்தால் பிரேக் பிடித்த பிறகு சரியாக விடாது, மைலேஜும் போகும், பேடும் தேயும். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கிளட்ச் கேபிள் புதிதாகப் போட்டு, பழையதைச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தின நாள் செய்யாதீர்கள். பத்து நாள் முன்பே முடித்து, அதன் பிறகு 300 கிலோமீட்டராவது ஓட்டியிருக்க வேண்டும். மெக்கானிக் கையிலிருந்து வந்த வண்டிக்குத்தான் முதல் நாள் போல்ட் கழலும்.

காற்று காலையில் டயர் சூடாகும் முன் பிடியுங்கள். ஓசூரில் எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். சின்ன எஞ்சின் நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடினால் கொஞ்சம் குடிக்கும்.

உடம்புக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தையல் தடித்த ஜீன்ஸ் வேண்டாம். 300 கிலோமீட்டருக்குள் அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வையுங்கள். நாள் முழுக்கக் கேட்கும் காற்றிரைச்சல் பாதிக் களைப்புக்குக் காரணம். தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய். பரோட்டா வீட்டுக்கு வந்த பிறகு. சாயங்காலம் கண்மாய்ப் பக்கம் பூச்சி வைசரை மூடிவிடும், ஈரத்துணி ஒன்றைக் கைக்கு எட்டும் பையில் வையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழுந்து எதிர் லைட் எல்லாம் நட்சத்திரமாகத் தெரியும்.

நாள் பார்ப்பது என்றால் தை கடைசியிலிருந்து மாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை; சித்திரையில் வெயில்; ஆடியில் கச்சான் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திய ஊர் நம்முடையது. தை அமாவாசையன்று ராமேஸ்வரம் சாலையில் இறங்க வேண்டாம். செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) தேதிகளை ஒட்டி மாவட்டத்தில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அப்போதும் வேண்டாம்.

கடைசியாக, சாட்சி. சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, அதனால் அங்கே பதிவும் இருக்காது. பெட்ரோல் பில்தான் ஆதாரம். ஒவ்வொரு பங்க்கிலும் நேரம் அச்சான பில்லை வாங்கி, ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுங்கள். கூடவே ஒரு சின்ன அட்டையில் நிறுத்திய நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் பேனாவால் எழுதுங்கள். 'ஐந்து நிமிடம்தான் நின்றேன்' என்று நினைக்கும் இடத்தில் 22 நிமிடம் போயிருப்பது அந்த அட்டையில்தான் தெரியும். சேலம் போய்வந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள். ஓசூருக்கு நான்கு மணிக்குக் கிளம்பினால் போதுமா, மூன்றரைக்கே கிளம்ப வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.