பரணில் கிடைத்த பழைய துப்பாக்கியை விற்கலாமா?

கேள்வி (வாசகர், சிவகங்கை மாவட்டம்): பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு நீளத் துப்பாக்கி கிடைத்தது. குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கும் வகை. பக்கத் தகட்டில் ஒரு கிரீடமும், 'டவர்' என்று ஆங்கில எழுத்தும் இருக்கின்றன. யாரிடமும் உரிமம் இருந்ததாக நினைவில்லை. வெளிநாட்டு ஏலத்தில் இதே மாதிரி ஒன்று லட்சக்கணக்கில் போயிருக்கிறது. உள்ளூர்ப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் 20,000 ரூபாய்க்குக் கேட்கிறார். "நூறு வருஷத்துக்கு மேலானது, லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். விலைக்கு முன்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது உயிர். இந்த வகைத் துப்பாக்கியில் மருந்தைக் கெட்டித்து அப்படியே பரணில் போட்டுவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஈரம் படாத கரிமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். ஆகவே சுத்தியை இழுத்துப் பார்க்காதீர்கள், குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், துருவை இளக்க என்று சூடு காட்டாதீர்கள். பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது சட்டம். வியாபாரி சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன்பு செய்த துப்பாக்கிகளை அந்நாட்டுச் சட்டம் தனியாக வைத்திருக்கிறது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வயதை மட்டும் பார்ப்பதில்லை. வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். உங்களுடையதை ஒரு கொல்லர் சரிசெய்து சுட வைக்க முடியுமென்றால், எத்தனை தலைமுறை பழசானாலும் இந்த விலக்கு கிடைக்காது.

2020 பிப்ரவரியில் விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. 'கியூரியோ' (அரும்பொருள்) என்ற வகையில் சேரும் சிறு ஆயுதங்களை, அதாவது ஒருவர் கையாளும் துப்பாக்கிகளை, இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை. ஆனால் பயன்படுத்தவோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகவோ உரிமம் வேண்டும். உங்கள் துப்பாக்கி அந்த வகைதானா என்பதை நீங்களோ வியாபாரியோ முடிவு செய்யக் கூடாது. அதிகாரியிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரை முதலில் பாருங்கள். அவர் மூலம், எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று எழுதி, புகைப்படத்தோடு உங்கள் காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போகாதீர்கள். அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி, அடையாளக் குறிகளைக் குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள். வீட்டுப் பழைய காகிதங்களையும் புரட்டிப் பாருங்கள். பயிரைக் காக்க இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுப்பது உண்டு. அப்படி ஓர் உரிமப் புத்தகம் கிடைத்தால் வாரிசாக உரிமம் கேட்கும் வழி திறக்கும்.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கியை விற்பதற்கும் முறை இருக்கிறது. வாங்குபவருக்கு அதை வைத்திருக்கும் தகுதி வேண்டும். அவருடைய பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை; சட்டத்தை மீறி விற்றால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைகூடப் போகலாம். 20,000 ரூபாய்க்காக இந்த ஆபத்தில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்வதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

இனி அது என்ன துப்பாக்கி என்று பார்ப்போம். 'டவர்' என்பது லண்டன் டவரைக் குறிக்கும். பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளின் விசைத் தகட்டில் இருக்கும் குறி. கிரீடத்துக்குக் கீழே ஜி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் ஜார்ஜ் மன்னர்கள் காலம், அதாவது 1830-க்கு முந்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கில் நான்காகப் பிரித்த இதய வடிவமும், பின்னாளில் கிரீடம் ஏந்திய சிங்கமும் இருக்கும். சுத்தியின் தாடைகள் தீக்கல்லைக் கவ்வும்படி இருந்தால் பழைய அமைப்பு. கல்லுக்குப் பதில், கேப் (சுத்தி அடித்ததும் பொறி தரும் சிறு உலோக மூடி) பொருத்தும் சிறு முளை இருந்தால் 1840-களை ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது, அல்லது மாற்றியது. ஒன்று கவனியுங்கள்: இந்தக் குறியைப் பார்த்துப் போலியாக வெட்டியவை நிறைய. எழுத்து கோணலாகவோ பிழையாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மாற்றப்படாத உறுப்புகளில்தான் மதிப்பு இருக்கிறது. அசல் விசை, அசல் மரக்கட்டை, தெளிவான குறிகள் இருக்கிறதா என்றுதான் சேகரிப்பாளர்கள் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பித்தளையைப் புளி போட்டு விளக்கி, குழலை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். குறிகள் அத்தனையும் போய்விட்டன. நல்ல நோக்கத்தில் செய்தது, அதனால்தான் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

வெளிநாட்டு ஏல விலையை மறந்துவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்களுக்கு இருப்பது இந்தியச் சந்தை மட்டும். அது மிகச் சிறியது. விற்க வழியில்லை என்றானால் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களே இருக்கின்றன.

கேள்வி (வாசகர், கோவை): அப்பாவுக்கு வயது 74. அவரிடம் உரிமத்தோடு இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. குழலின் மேல் கல்கத்தா 'ரோடா' கம்பெனி பெயர். என் பெயருக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். உரிமதாரர் 70 வயதைத் தாண்டினாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. உங்கள் பெயரில் மொத்தம் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது.

ரோடா என்பது துப்பாக்கி விற்ற கடை. செய்தவர் வேறொருவராக இருக்கலாம். 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கடத்தியது இந்தக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான். உரிமமுள்ள ஆயுதக் கடையில் கொடுத்துக் குழலின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பர்மிங்காம், லண்டன் சோதனை முத்திரை இருந்தால் இங்கிலாந்து. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். குழலில் மரத்தின் ரேகை போல நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்த குழல். இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

கேள்வி (வாசகர், கூடலூர்): குடகு நண்பர் வீட்டில் உரிமமே இல்லாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: குடகில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருக்க ஒரு விலக்கு உண்டு. அது கொடவ இனத்தாருக்கும் குடகின் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் மட்டும், 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அன்பளிப்பாகவே வந்தாலும், உங்கள் கைக்கு வந்ததும் அது உரிமம் வேண்டிய துப்பாக்கிதான்.