‘டு த பிட்டர் எண்ட்’: கசப்பா, கயிறா?

கேள்வி: ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். ஒரு காட்சியில் தொழிற்சங்கத் தலைவர் ‘வீ வில் ஃபைட் டு த பிட்டர் எண்ட்’ என்கிறார். ‘கசப்பான முடிவு வரை போராடுவோம்’ என்று எழுதினேன். சரிபார்த்தவர், ‘இது கப்பல் கயிறு சமாச்சாரம், கசப்புக்கு இங்கே வேலையில்லை’ என்று அடித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வரி தப்புதான்; இந்தத் தொடருக்கு ‘எவ்வளவு பாடு பட்டாலும் கடைசிவரை’ என்று பொருள். அவர் சொன்ன காரணம் பாதி சரி.

முதலில் கயிற்றைப் பார்ப்போம். பழைய பாய்மரக் கப்பல்களின் தளத்தில், முன்பக்கமாக, இரண்டு தடித்த மரக்கட்டைகள் நட்டுக்குத்தலாக நிற்கும். பெயர் ‘பிட்ஸ்’. நங்கூரம் இறக்கும்போது அதன் வடத்தை இந்தக் கட்டைகளில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்துவார்கள். சுற்றாமல் விட்டால் வடம் உருவிக்கொண்டு ஓடிவிடும். அந்தச் சுற்றின் பெயர்தான் ‘பிட்டர்’. கேப்டன் ஜான் ஸ்மித் (அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகஹான்டஸ் கதையில் வருகிறாரே, அவரேதான்) 1627-ல் வெளியிட்ட ‘எ சீ கிராமர்’ என்ற கப்பல் கையேட்டில் இதற்கு விளக்கமே இருக்கிறது: வடத்தில் கப்பலுக்குள்ளேயே தங்கிவிடும் பகுதி ‘பிட்டர்ஸ் எண்ட்’.

கிணற்றில் வாளி விடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கயிற்றின் ஒரு முனை வாளியில், மறுமுனை தூணில். வாளி இறங்க இறங்கக் கயிறு போகும். தூணில் கட்டிய முனை வந்துவிட்டால் அவ்வளவுதான், கொடுக்க இனிக் கயிறில்லை. கப்பலிலும் அதே கதை. நங்கூரம் தரையில் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் வடம் கடலடியில் சாய்வாகக் கிடக்க வேண்டும். அதற்காக, கயிறாக இருந்தால் ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு நீளம் விடுவது வழக்கம். காற்று வலுத்தால் இன்னும் விட வேண்டும். உள்முனை வரை விட்டாகிவிட்டது என்றால் கையில் மிச்சம் எதுவும் இல்லை. அட்மிரல் ஸ்மித் (இவர் வேறு ஸ்மித்) தொகுத்து 1867-ல் வந்த மாலுமிச் சொல்லகராதியும் இதைத்தான் சொல்கிறது.

சரி, கசப்பு? அதற்கும் ஒரு கட்சி உண்டு. நீதிமொழிகள் 5:4-ல் ‘முடிவோ எட்டியைப்போலக் கசப்பு’ என்று வருகிறதல்லவா, 1611-ல் வந்த ஆங்கில பைபிளிலும் அங்கே ‘எண்ட்’, ‘பிட்டர்’ இரண்டும் இருக்கின்றன. சொற்றொடர் அங்கிருந்து கிளம்பியது என்பார்கள் சிலர். என் கணிப்பு: கிளம்பியது கயிற்றிலிருந்து, ஆனால் கேட்பவர் காதில் கசப்பும் விழுந்ததால்தான் கரையில் இத்தனை காலம் நிலைத்தது. ‘எவ்வளவு பாடு பட்டாலும் கடைசிவரை’ என்ற தொனி இன்றைக்கு அதில் நிச்சயமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் சரிபார்ப்பாளருக்குப் பாதி மதிப்பெண்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். தலைவர் பேசும் வரிக்கு ‘கடைசிவரை ஒரு கை பார்ப்போம்’ போதும். சுருக்கமாகவும் இருக்கிறது, மேடையிலும் எடுபடும். ஆனால் எல்லா இடத்திலும் இதையே ஒட்டாதீர்கள். அறுவையான நாடகத்தை ஒருவர் ‘டு த பிட்டர் எண்ட்’ பார்த்தேன் என்றால், ‘முழுசாக உட்கார்ந்து பார்த்துத் தொலைத்தேன்’. நண்பனை அப்படித் தாங்கிப் பேசினார் என்றால், ‘கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை’. முன்னால் ‘டு த’ இல்லாமல் ‘எ பிட்டர் எண்டிங்’ என்று வந்தால் அது வேறு. அங்கே உங்கள் ‘கசப்பான முடிவு’ தாராளமாகப் போகலாம்.

இன்னொன்று. கப்பல் படம் கையில் வந்து, அதில் ஒரு மாலுமி ‘பிட்டர் எண்ட்’ என்றால் அவர் பொருளையே சொல்கிறார்: நங்கூரச் சங்கிலியின் உள்முனை. இன்றும் அதுதான் பெயர். ஆபத்து நேரத்தில் நங்கூரத்தைச் சங்கிலியோடு கடலில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால், அந்த முனையைச் சட்டென்று கழற்றிவிடும்படி ஒரு முளையில் மாட்டியிருப்பார்கள். அங்கே ‘கடைசிவரை’ என்று எழுதிவிடாதீர்கள்.