நர்சிங் முதலாண்டு மாணவர்கள் வேதியியலில் மோல் (துகள்களின் அளவைச் சொல்லும் அலகு) என்றாலே மிரள்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்லித்தருவது?

அவகாட்ரோ எண்ணை (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு சலைன் (உப்புக் கரைசல்) பாட்டிலை மேசைமேல் வைத்து லேபிளை வாசிக்கச் சொல்லுங்கள்.

0.9% என்றால் 100 மி.லி.யில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு, லிட்டருக்கு 9 கிராம். மோலார் நிறையான (ஒரு மோலின் எடை, கிராமில்) 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். கரைந்ததும் சோடியம் 154, குளோரைடு 154 எனப் பிரியும், கூட்டினால் மொத்தத் துகள்கள் 308 மில்லிமோல். பெரும்பாலான லேபிள்களில் இதே எண்கள் இருக்கும். தான் போட்ட கணக்கை பாட்டிலிலேயே பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்து, 500 மி.லி. பாட்டிலில் எவ்வளவு சோடியம் என்று கேளுங்கள். பலரும் 154 என்பார்கள். லிட்டருக்கு 154 என்ற செறிவு மாறவில்லை, ஆனால் உள்ளே இருப்பது 77 மில்லிமோல்தான். இங்கே ஒரு வகுப்பு முழுக்கச் செலவானாலும் பரவாயில்லை. வார்டில் டோஸ் தவற இந்தக் குழப்பமும் காரணமாகலாம்.

பிறகு பொட்டாசியம் குளோரைடு. 10 மி.லி. ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி), மி.லி.க்கு 150 மி.கி. மொத்தம் 1500 மி.கி.யை மோலார் நிறை 74.5-ஆல் வகுத்தால் 20 மில்லிமோல். இதை நேரடியாக நரம்பில் ஏற்றவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சலைனில் சேர்த்தபின் ஏன் நன்றாகக் கலக்க வேண்டும் என்பது தெரியாது. காட்டிவிடுங்கள். 15 கிராம் சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கி, சிட்டிகை கேசரி பவுடர் போட்டு, தொங்கும் பாட்டிலின் அடிவாய் வழியாக 10 மி.லி. செலுத்துங்கள். அடர்த்தி அதிகம் என்பதால் நிறம் கழுத்திலேயே தங்கி நிற்கும். ட்யூபைத் திறந்தால் முதலில் இறங்குவது அதுதான். பாட்டிலைப் பலமுறை தலைகீழாக்கினால்தான் ஒன்றாகும்.

மக்னீசியம் சல்பேட்டில் ஒரு பொறி உண்டு. 50%, 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். ஏழு படிக நீரையும் சேர்த்து மோலார் நிறை 246.5, எனவே 4.06 மில்லிமோல், மின்சுமை 2 என்பதால் 8.1 மில்லி ஈக்விவலன்ட் (மில்லிமோலை மின்சுமையால் பெருக்கிய அளவு). படிக நீரை மறந்து 120-ஆல் வகுத்து, மின்சுமையையும் மறந்தவருக்கு 8.3 வரும்! இரண்டு தப்பு சேர்ந்து சரிபோலத் தெரியும். விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள், வழிமுறையைப் பாருங்கள்.

நேரம் போதாவிட்டால் பாடத்தில் அணு அமைப்பைச் சொல்லும் குவாண்டம் எண்களையும் ஆர்பிட்டால் படங்களையும் வெட்டலாம். பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு), பஃபர் (அந்த அளவு எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்) இரண்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.