"சந்தைக்கு வருகிறார்களே, அவர்களா கொத்தடிமை?": கேள்வி பதில்

செங்கல் சூளைகளிலிருந்து மீண்டு வந்தவர்களோடு பல வருஷமாகக் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் படியேறியவன் நான். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மானூரிலிருந்து: அண்ணாச்சி, எங்க ஊர்ப் பக்கத்துச் சூளை ஆட்கள் சந்தைக்கு வருகிறார்கள், செல்போன் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் போய் எப்படிக் கொத்தடிமை என்பது?

சந்தைக்கு யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். குடும்பத்தோடு வருகிறார்களா, ஒரு ஆள் மட்டும் வந்து போகிறாரா? பெண்டாட்டி பிள்ளைகள் சூளையில் இருக்கும்போது அவருக்குக் காவல் எதற்கு? முன்பணம் வாங்கிய காரணத்தால் வேறு வேலைக்குப் போகவோ, நினைத்த இடத்துக்குப் போய்வரவோ முடியாமல் போனால் அது கொத்தடிமைதான் என்கிறது 1976-ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1982-இல் ஆசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே கட்டாய உழைப்பு, பசியால் ஒத்துக்கொண்டதும் கட்டாயம்தான் என்று சொன்னது.

இதில் என் மனசை மிகவும் அறுப்பது சூளைக்காரர் நோட்டில் எழுதும் கூலிக் கணக்கு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். மண் குழைப்பது மனைவி, கல் அறுப்பது கணவன், காயப் போட்டுத் திருப்புவது பிள்ளைகள். நோட்டில் இருப்பதோ கணவன் பெயர் மட்டும். மீட்க வரும் அதிகாரி அந்த நோட்டை வைத்துப் பட்டியல் எழுதினால் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் கணக்கிலேயே வர மாட்டார்கள். மீட்கப்பட்டவருக்கு அரசு தரும் மறுவாழ்வு நிதி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் தலா 2 லட்சம். கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ் இல்லாதவருக்கு அது கிடையாது. அதனால் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனிச் சான்றிதழ் கேளுங்கள்.

களக்காட்டிலிருந்து: அக்கா மகள் மேற்கே நூல் மில்லில் இருக்கிறாள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணமாம். பாதியில் வந்தால் கிடையாதாம்.

சுமங்கலித் திட்டம் என்று சொல்லிக் கூட்டிப்போவது இதுதான். தாயி, அந்தப் பணம் மில்காரர் தரும் சீதனமில்லை, பிள்ளை உழைத்த கூலி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு போகவிடாமல் நிறுத்துவது தப்பு. போனில் பேசும்போது பக்கத்தில் வார்டன் நிற்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வயது 18-க்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, மற்றபடி இலவசச் சட்ட உதவிக்கு 15100.

இடிந்தகரையிலிருந்து: தம்பி வளைகுடாவில் மீன்பிடி வேலையில் இருக்கிறான். பாஸ்போர்ட் முதலாளி கையில்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, முதலாளி அதைப் பிடித்துவைக்க முடியாது. நகலோடு தூதரகத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள். "ஆம்பிளைதானே, சமாளிப்பான்" என்று விட்டுவிடாதீர்கள்.

முக்கூடலிலிருந்து: வாங்கின கடனைக் கட்டாமல் வருவது நியாயமா?

விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்கிய பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது, "மீதியை எப்போ கட்டணும் அய்யா?" கடன்காரன் என்ற பேருக்குப் பயந்தே வருஷக்கணக்கில் கல் அறுத்தவர். அந்த 1976 சட்டத்தின் 6-ஆவது பிரிவை மூன்று தடவை படித்துக் காட்டினேன்: அந்தக் கடன் அடியோடு ரத்து. அதற்குப் பிறகு பணம் வாங்குகிறவருக்குத்தான் மூன்று வருஷம் வரை சிறை. அப்புறம், ரசீது இல்லையே என்றும் தயங்காதீர்கள். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர் பொறுப்பு.