பிட்டும் தேங்காப்பூவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகர், ஆரையம்பதி): ‘ஹே ராம்’ படத்த வந்த புதுசில பாத்தன், ஒண்டும் விளங்கல்ல. போன கிழம திரும்பப் பாத்திட்டு ரெண்டு நாளா நித்திர இல்ல. இது காந்திட கதையா, ராம்ட கதையா?

பதில்: தம்பி, என்னக் கேட்டா அது அம்ஜத்ட கதை. கமல் எழுதி எடுத்து 2000ம் ஆண்டு பெப்ரவரியில வந்த படம், அதில அம்ஜத்தா ஷாருக்கான் வாறது கொஞ்ச நேரந்தான், ஆனா படத்தத் தாங்கி நிக்கிறது அந்த ஆள்தான். தொடக்கத்தில மொகஞ்சதாரோவில தொல்லியல் வேலைக்கு ராமும் அம்ஜத்தும் ஒரே குழியில நிண்டு மண் கிண்டுறாங்க, ஒருத்தன் ஐயங்கார் வீட்டுப் பொடியன், மத்தவன் முஸ்லிம், அது ரெண்டு பேருக்கும் ஒரு கதையே இல்ல. பிறகு வருது 1946 ஆகஸ்ட் 16, கல்கத்தாக் கலவரம். ராம்ட மனுசி அபர்ணாவ வீட்டுக்குள்ள பூந்து கெடுத்துக் கொல்லுறாங்க, அதில ஒருத்தன் ராமுக்கு நல்லாத் தெரிஞ்ச தையல்காரன். எனக்கு நெஞ்சில குத்தின இடம் அதுதான். முகம் தெரியாதவன் செய்தா அவன்ல மட்டும் கோபம் வரும், தெரிஞ்சவன் செய்தா அவன்ட சனம் முழுக்க மேலயும் பாயும், அந்தக் கோபத்தோடதான், காந்தி முஸ்லிமாக்கள்ட பக்கம் எண்டு நம்பி, ராம் அவரச் சுடுறதுக்கு டெல்லி வரைக்கும் போறான்.

அங்க ஒரு சோடாக் கம்பனியில திரும்ப அம்ஜத்தக் காணுறான். கலவரத்தில அடிபட்டு ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிற அம்ஜத்திட்ட பொலிஸ் கேக்குது, இதத் தொடக்கின இந்து ஆரெண்டு. அப்பிடி ஒருத்தன நான் காணல்ல, என்னக் காப்பாத்தின என்ட சகோதரன் ராமத்தான் எனக்குத் தெரியும் எண்ட மாதிரிச் சொல்லிப்போட்டு மௌத்தாகிறான். ராம் மாறுறது அந்தக் கட்டிலடியிலதான் தம்பி.

உங்களுக்கு ஏன் நித்திர வரல்ல எண்டு எனக்குத் தெரியும், நீங்க இரிக்கிறது நம்மட மட்டக்களப்புத் தமிழ் ஊர் ஆரையம்பதி, அடுத்தது முஸ்லிம் ஊர் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3ம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள்ள தொழுதுகொண்டு நிண்ட நூறு பேருக்கு மேல சுட்டாங்க, அதே மாதம் 12ம் தேதி வீரமுனைப் பிள்ளையார் கோயில்ல தஞ்சம் எண்டு இருந்த தமிழாக்கள வெட்டியும் சுட்டும் கொண்டாங்க. பள்ளிக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும். இத்தனைக்கும் நம்மளுக்கு பாஷ ஒண்டு, ரெண்டு பக்கமும் தாய்வழிக் குடி, கலியாணம் முடிச்சா மாப்பிள பொண்ணுட வீட்டுக்குப் போறதும் ஒண்டு, வயலும் வரம்புக்கு வரம்பு. பிட்டும் தேங்காப்பூவும் மாதிரித் தமிழரும் முஸ்லிமும் கலந்து இரிக்கிறம் எண்டு நம்மட ஆக்கள் சும்மா சொல்லல்ல.

கேள்வி (வாசகர், கல்முனை): படத்தில வாறதெல்லாம் உண்மையில நடந்ததா?

பதில்: ராமும் அம்ஜத்தும் கற்பனை ஆக்கள். கல்கத்தாக் கலவரம் உண்மை, 1948 ஜனவரி 30 டெல்லியில கோட்சே காந்தியச் சுட்டது உண்மை, மொகஞ்சதாரோவில வாற வெள்ளக்காரத் துரை மோர்ட்டிமர் வீலரும் உண்மையான ஆள்தான்.

கேள்வி (மாணவி, அக்கரைப்பற்று): பழைய கதை கலர்ல போகுது, இப்ப நடக்கிறது மட்டும் ஏன் கறுப்பு வெள்ளை?

பதில்: நல்லாப் பாத்திரிக்கீங்க மகள். இப்ப எண்டு படத்தில வாறது 1999 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிச்ச நாள் திரும்பி வந்திரிக்கு, ராமுக்கு 89 வயசு, வெளிய திரும்பவும் கலவரம். கிழவனுக்கு அந்தப் பழைய நாள்தான் இன்னும் உயிரோட கிடக்கு எண்டு நான் எடுக்கிறன்.

கேள்வி (வாசகி, காத்தான்குடி): நானும் தமிழாக்கள்ல ஒரு டீச்சரும் பத்து வருஷத்துக்கு மேல ஒரே ஸ்கூல்ல, ஒரே பார்சல்ல சோறு திண்ட ஆக்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவ கதைக்கிறல்ல, மட்டக்களப்பு சீயோன் சேர்ச்சில வெடிச்ச குண்டில அவட சொந்தத்தில ஒரு பிள்ள மௌத்து. இந்தப் படத்த அவக்கு வட்ஸ்அப்ல அனுப்பட்டா?

பதில்: வேணாம் தங்கச்சி. படம் நல்ல படம்தான், ஆனா முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள வாறது கல்கத்தா, அபர்ணாக்கு நடக்கிறது, பிள்ளயப் பறிகொடுத்த வீட்டில இருந்து அதப் பாக்க ஏலாது, அதுவும் நீங்க அனுப்பி. அம்ஜத் வாற மட்டும் அவ பாத்துக்கொண்டிருக்கமாட்டா.

என்ட கதையச் சொல்றன். எனக்கு ஏறாவூர்ல ஒரு கூட்டாளி, 1990 ஆகஸ்ட்ல அவன்ட வாப்பாவயும் கொலை செய்துபோட்டாங்க. நான் போகல்ல. பயம் ஒரு பக்கம், போய் என்னத்தச் சொல்றது எண்டது மறுபக்கம், ஒரு மாதம் போச்சு, ஒரு வருஷம் போச்சு, பிறகு வெக்கத்தில போகல்ல. பதினாலு வருஷத்துக்குப் பிறகு மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட்ல வச்சு அவன்தான் என்னக் கண்டு வந்து கையப் பிடிச்சான், முதல் கேட்டது ‘அம்மா எப்பிடிடா இரிக்கா’ எண்டு. அம்மா அதுக்கு முந்தின வருஷம்தான் மோசம் போனவ. நான் அந்த இடத்திலயே அழுதன், அவனும் அழுதான், பஸ்ஸும் போயிட்டு.

நீங்க நேர போங்க. பின்னேரமாப் போங்க, வீட்டில ஆக்கள் குறைவா இருக்கக்க, கடப்படியில நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வட்டிலப்பம் அது இது எண்டு கொண்டுபோகாதீங்க, அது பெருநாளுக்கு இருக்கட்டும். மன்னிப்பு அது இதெண்டும் தொடங்காதீங்க, நீங்க செய்த குத்தம் இல்ல அது. மௌத்தான பிள்ளட பேரச் சொல்லி, அதுட தாய் இப்ப எப்பிடி எண்டு கேளுங்க. அவ கதவச் சாத்தினா அடுத்த மாதம் திரும்பப் போங்க. என்ன நடந்ததெண்டு எனக்கும் எழுதுங்க.