மீனின் தோலில் தொடங்கிய கார்ல் வான் ஃபிரிஷ்: கேள்வி பதில்

கல்லூரியில் பல ஆண்டுகள் மீன் உடலியங்கியல் நடத்தியவள் நான். விலங்கியலாளர் ஃபிரிஷின் மீன் ஆய்வுகள் பாடப்புத்தகத்தில் ஒரே வரியோடு போய்விடுவது எனக்கு என்றுமே பொறுக்காது. அதனால் கேள்விகள் வந்ததில் மகிழ்ச்சி.

அம்மா, தேனீ நடனத்துக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றுதான் படித்திருக்கிறோம். மீனுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவர் தொடங்கியதே மீனில்தான். 1886இல் வியன்னாவில் பிறந்து, 1910இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மின்னோ. ஐரோப்பிய ஓடைகளில் கூட்டமாகத் திரியும், கெண்டைக்கு உறவான, விரல் நீளச் சிறுமீன். அது எப்படி நிறம் மாறுகிறது என்பதே கேள்வி. நோபல் பரிசு வந்தது 1973இல், அவருக்கு 86 வயதானபோது.

நிறம் மாறுகிறது என்றால், தோலில் புதிதாகச் சாயம் சுரக்கிறதா?

உடனடி மாற்றத்தில் அப்படி இல்லை. இருக்கிற சாயமே இடம் மாறுகிறது. ஒரு செதிலை எடுத்து உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கிளை கிளையாக விரிந்த கறுப்பு நட்சத்திரங்கள் தெரியும். அவைதான் நிறமிச் செல்கள். ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால், கிளைகளில் பரவியிருந்த கறுப்புத் துகள்கள் நடுவை நோக்கி ஓடிவரும். சில நிமிடங்களில் நட்சத்திரம் புள்ளியாகிவிடும். செல் சுருங்கவில்லை. அதற்குள் தண்டவாளம் போல நுண்குழல்கள் இருக்கின்றன. டைனீன் என்ற புரதம் துகள்களை உள்ளே இழுக்கிறது, கைனசின் வெளியே தள்ளுகிறது. குவிந்தால் மீன் வெளுக்கும், பரவினால் கறுக்கும். இதை முதல்முறை பார்க்கும் மாணவரை நுண்ணோக்கியிலிருந்து எழுப்புவது பெரும்பாடு.

இது நரம்பின் வேலை என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டறிந்தார்?

அறுத்தும் தூண்டியும்தான். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தை மின்சாரத்தால் தூண்டியபோது மின்னோ வெளுத்தது. அங்கிருந்து நரம்பிழைகளைத் தொடர்ந்து போனார். அவை தண்டுவடத்தில் ஏறத்தாழ 15ஆவது முள்ளெலும்பு வரை இறங்கி, அங்கே முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புத் தொடருக்குள் நுழைந்து, ஒரு பிரிவு வாலுக்கும் இன்னொன்று தலைக்குமாகப் பிரிகின்றன. மூளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் முகத்துக்கான கட்டளைகூட முதுகின் நடுவரை இறங்கித் திரும்பி வருகிறது! வால்பக்கம் போகும் நரம்பை அறுத்தால் அதற்கு அப்பால் தோல் கறுத்துவிடும். இதை மனத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

பார்வையில்லாத மீனும் நிறம் மாறுமா?

மாறும். பார்வை நீக்கிய மின்னோவின் நெற்றியில் ஒளி பட்டால் கறுத்தது, நிழல் பட்டால் வெளுத்தது. மூளையின் மேற்புறத்தில் ஒளியை உணரும் பினியல் உறுப்பை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. அப்படியானால் மூளைக்குள்ளேயே, அதன் இடைப்பகுதியில், ஒளியை உணரும் செல்கள் இருக்க வேண்டும் என்றார். 1911இல் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மீனை விட்டுவிட்டுத் தேனீக்கு ஏன் போனார்?

விடவில்லை. மீன்தான் அவரைத் தேனீயிடம் கொண்டுபோனது. மீன்களுக்கும் தேனீக்களுக்கும் நிறமே தெரியாது என்று மியூனிக்கின் பெரிய கண் மருத்துவர் கார்ல் வான் ஹெஸ் அடித்துச் சொன்னார். மஞ்சள் தரையில் விட்ட மின்னோவின் தோலில் மஞ்சள் ஏறுவதைப் பார்த்திருந்த ஃபிரிஷால் அதை ஏற்க முடியவில்லை. அந்த மோதலே தேனீக்களின் நிறப் பார்வை பற்றிய 1914ஆம் ஆண்டு ஆய்வு வரை போயிற்று. பிறகும் மீனிடம் திரும்பி வந்துகொண்டே இருந்தார். விசில் அடித்தால் வரும்படி ஒரு கெளுத்தியைப் பழக்கி, மீனுக்குக் காது கேட்கும் என்று 1923இல் எழுதினார்.

நரம்பை அறுத்தால் தோல் கறுக்கும், பிறகு வருகிறேன் என்றீர்களே?

1938இல், பழக்கிய கூட்டத்தில் ஒரு மின்னோவை மட்டும் அடையாளம் காண நினைத்தார். வாலருகே அந்த நரம்பைச் சிறிதாக அறுத்தார். வால் கறுத்துவிடும், சாயம் பூச வேண்டாம். பழைய ஆய்வு கைகொடுத்தது. ஆனால் அந்த மீனைத் திரும்ப விட்டதும் மற்றவை மிரண்டு ஓடிவிட்டன. கீறல்பட்ட தோலிலிருந்து ஏதோ கசிந்து நீரில் கலந்திருக்கிறது! மோப்பத்தால் உணரப்படும் அந்த அச்சப்பொருளை விரிவாக ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். இளமையில் கண்ட நரம்பு, ஐம்பது வயதுக்கு மேல் வேறொரு கதவைத் திறந்த அந்த இடம் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கவைக்கிறது.

தொட்டியில் கறுப்பு மணலை எடுத்து வெள்ளை மணல் போட்டேன். மீன்கள் வெளுத்துவிட்டன. நோயா, அம்மா?

நன்றாகத் தின்று, துடுப்பை விரித்து நீந்தினால் பயப்பட வேண்டாம். மேலிருந்து வரும் ஒளியையும் தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியையும் கண் ஒப்பிட்டுத் தோலுக்குச் சொல்கிறது. வெகுநாள் வெள்ளைத் தரையிலேயே இருந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறையும். தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் பழைய மணலைப் போட்டு, சில நாள் கழித்து எந்தப் பக்கம் தங்குகின்றன என்று பார்த்து எழுதுங்கள்.